ஆறு அங்குலத்தில் அடங்காத பக்கம்

ஆரணி,
ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மைத்துனர் அன்பரசுக்கு,

ஆரணியிலிருந்து உன் மாமா தனக்கோடி எழுதுவது. நானும் உன் அக்கா பூங்காவனமும் இங்கே நலம். நலம் என்று எழுதும்போது என் இடது கண்ணை அதில் சேர்க்கவில்லை. பெங்களூரில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே நல்ல மழை என்று டி.வி.யில் சொன்னார்கள். டி.வி. சொன்னதை நான் விசாரிக்காமல் நம்புவதில்லை என்பதால், மழையா இல்லையா என்று நீ பதிலில் எழுதவும்.

புதன்கிழமை நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று முறை கேட்டேன். "மாமா, ஆடிக் கிருத்திகைக்கு வரச்சொல்ல உங்களுக்கு ஒரு ரீடர் வாங்கினு வரேன். ஆறு இஞ்சா, பத்து இஞ்சா, கலரா, பிளாக் அண்ட் வொயிட்டா, அத்த மட்டும் சொல்லுங்க. ஒரு வார்த்த போதும்" என்று சொல்லியிருந்தாய். முப்பத்தொரு வருஷம் நிருபர் வேலை பார்த்தேன். 'நாலு வரி போதும்' என்று சொன்ன ஆசிரியர்கள் எல்லாருக்கும் நாற்பது வரிதான் அனுப்பினேன். அவர்களுக்குக் காட்டாத சலுகையை உனக்குக் காட்டுவது முறையாகாது. அதனால் முழுவதையும் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

புத்தகம், பேப்பர் படிக்கும் இந்த மின்பலகை, அதாவது ரீடர், எனக்கு எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் நாளிதழின் வேலூர் அலுவலகத்தைக் காலி செய்தபோது பழைய கோப்புகளையெல்லாம் ஸ்கேன் செய்தார்கள். அங்கே மிச்சமிருந்த நண்பர் ஒருவர், ஆரணிச் செய்தி வந்த பக்கங்களை மட்டும் பிரித்து ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். 1983 முதல் 2014 வரை, இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கங்கள், எல்லாம் பி.டி.எஃப். என் முழு வேலையும் சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கிவிட்டது என்று ஒரு நாள் வருத்தமாக இருந்தது. மறுநாள் அதை எங்கே வைத்தோம் என்று தேடவேண்டி வந்ததால் வருத்தம் போய்விட்டது. போனில் ஏற்றிப் பார்த்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு இடது கண்ணில் நேர்க்கோடெல்லாம் வளைந்து தெரிகிறது. பத்தி பிரிக்கும் கோடு ஒன்று, வாய்க்கால் வரப்பு மாதிரி போய்க்கொண்டே இருந்தது. கண் டாக்டரிடம் சொன்னபோது, போன் வெளிச்சத்தைப் பத்து நிமிஷத்துக்கு மேல் பார்க்காதீர்கள் என்றார். பத்து நிமிஷத்தில் நான் தலைப்புச் செய்தியைக்கூடத் தாண்டுவதில்லை.

அதனால் இரண்டு மாதமாக உன் அக்காதான் படித்துக் காட்டுகிறாள். காலை காபி முடிந்து உட்கார்ந்தால், உலை வைக்க எழுந்திருக்கும் வரை. அவள் படிப்பது எப்படி என்று உனக்குத் தெரியாது. "போளூர் அருகே லாரி கவிழ்ந்தது. யாரும் சாவலையே? இல்ல, காயம்தான். அப்ப உட்டுடலாம்" என்று அடுத்ததற்குப் போய்விடுவாள். தேசூரில் குடிநீர்க் குழாய் திறந்த செய்தி வந்தால், "இப்ப அதுல தண்ணி வருதா?" என்று என்னைக் கேட்பாள், நான்தான் குழாயை வைத்தவன் மாதிரி. வேலை பார்த்த காலத்திலும் இப்படித்தான். எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் கொடுப்பேன். நின்றபடியே படித்துவிட்டு, "யாருக்கு இன்னா ஆச்சுன்னே புரியல. மூணாவது வரிய மேல தூக்குங்க" என்பாள். தூக்குவேன். பிறகு உறையில் போட்டு, 'செய்தி, அவசரம்' என்று எழுதி, ஆறரை மணி வேலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுப்பேன். கண்டக்டர் அதை டிரைவருக்கு மேலே சாமி படத்துக்குப் பின்னால் செருகிக்கொள்வார். பஸ் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். டீசல் புகையும் கதம்பமும் கலந்து ஒரு வாசனை வரும். விடிந்தால் அது பேப்பராகத் திரும்பி வரும். அந்தப் பத்து மணி நேரம் உறைக்குள் இருப்பது செய்தியா வெறும் காகிதமா என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அந்த நேரம்தான் பிடிக்கும். இப்போதெல்லாம் அனுப்பிய விநாடியே வந்துவிடுகிறது என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்க ஒரு காரணம் இல்லாமல் போய்விட்டது.

உன் அக்கா படிப்பதில் எனக்கு ஒரு குறை உண்டு. அதற்குத்தான் ரீடர். அவள் ஒரே ஒரு பக்கத்தைத் தாண்டிவிடுகிறாள். எந்தப் பக்கம் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்குத் தெளிவு. 1996 மார்ச்சில் உன் அப்பா மாணிக்கவேலின் பட்டுக்கடைக்கு அதிகாரிகள் வந்து ஒன்பது புடவைகளை எடுத்துப் போனார்கள். அசல் ஜரிகை என்று விற்றவை. உரசிப் பார்த்ததில் செம்பு தெரிந்தது. வெளியூர் ஜரிகை வியாபாரி ஒருவன் அவரை ஏமாற்றியிருந்தான். ஊருக்கே தெரிந்த விஷயத்தை, மாமனார் கடை என்பதற்காக எழுதாமல் விட்டால், அடுத்த வாரம் வேறொரு கடைச் செய்தியை எந்த முகத்தோடு எழுதுவது? கடை பெயரோடு எழுதினேன். உன் அப்பாவைப் பார்த்துப் பேசி, அவர் சொன்னதையும் எழுதினேன். எழுதியது நினைவிருக்கிறது. வார்த்தைகள் நினைவில்லை. அது அச்சில் வந்ததா இல்லையா என்பதுதான் இருபத்தொன்பது வருஷமாக உனக்கும் எனக்கும் நடக்கும் வழக்கு. "அப்பா சொன்னத ஒரு வரி போட்டீங்களா மாமா?" என்று நீ கேட்பாய். "நீ பார்த்தது முதல் அச்சுடா, ரெண்டாவது அச்சுல வந்திருக்கும்" என்று நான் சொல்வேன். ராத்திரி முதலில் அடித்து அனுப்புவது முதல் அச்சு, செய்தி சேர்த்துத் திருத்தி மறுபடி அடிப்பது இரண்டாவது. பிறகு உன் அக்கா சாப்பிடக் கூப்பிடுவாள்.

நான் அதைப் பார்த்ததில்லை. பேப்பர் வந்த அன்றும் மறுநாளும் தேசூரில் ஒரு தேர்தல் தகராறுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பேப்பர் எங்கே என்றேன். ஊறுகாய் ஜாடிக்கு அடியில் போட்டதாகவும், எண்ணெய் கசிந்து வீணாகிவிட்டதாகவும் உன் அக்கா சொன்னாள். வேலூர் போய்க் கோப்பைப் புரட்டியிருக்கலாம். போகவில்லை. வேலை இருந்தது என்று எழுதிக்கொள்கிறேன். உன் அப்பா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். தீபாவளிக்கு வந்தார், பேச்சில் ஒரு குறையும் வைக்கவில்லை, என் இலையில் இன்னொரு வடை வைக்கச் சொன்னார். வீட்டில் வாங்கும் பேப்பரை மட்டும் மாற்றிவிட்டார்.

இப்போது அந்தப் பக்கம் பென் டிரைவில் இருக்கிறது. அலுவலகக் கோப்பில் வைப்பது கடைசி அச்சைத்தான் என்பதால், வழக்கு இத்தோடு முடிந்துவிடும். போன மாதம் நாங்கள் 1996க்கு வந்தோம். மார்ச் பன்னிரண்டு முடிந்ததும் உன் அக்கா பதினாலாம் தேதியைப் படித்தாள். "பதிமூணு எங்க?" என்றேன். "அன்னிக்கு ஆரணியில ஒண்ணும் நடக்கல" என்றாள். நிருபர் பெண்டாட்டி சொல்கிற பேச்சா அது? அவளிடம் சண்டை போட்டு என்னால் ஜெயிக்க முடியாது. நானே படிக்கவேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

இனி ஆறு அங்குலத்துக்கு வருகிறேன். பட்டுக்கடை ஜெயவேலை உனக்குத் தெரியும், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவன் மகள் ஜெயப்ரியா இங்கே கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சியும் செய்கிறாள். அவளிடம் சின்ன ரீடர் ஒன்றும் பெரிய ரீடர் ஒன்றும் இருக்கின்றன. "பெரிப்பா, மொதல்ல சின்னத எடுத்துனு போய்ப் பாருங்க. கண்ணுக்கு உறுத்தாது, உள்ள காகிதம் மாதிரியே இருக்கும்" என்று அந்த மார்ச் பக்கத்தை ஏற்றிக் கொடுத்தாள். உறுத்தவில்லை என்பது உண்மை. ஒன்றும் தெரியவுமில்லை. பேப்பர் பக்கம் முழுவதும் உள்ளங்கை அளவுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. எழுத்தெல்லாம் சர்க்கரை டப்பாவுக்கு வந்த எறும்பு மாதிரி வரிசையாகப் போயின. பெரிதாக்கினால் ஒரு திரைக்கு இரண்டு வார்த்தை. அடுத்த இரண்டு வார்த்தைக்கு விரலால் தள்ளவேண்டும். தள்ளினால் பக்கத்துப் பத்திக்குப் போய்விடுகிறது. திரும்பி வந்தால் எந்த வரியில் விட்டோம் என்று தெரிவதில்லை. கதை நாவல் படிப்பவர்களுக்கு இந்த அளவு தோதாக இருக்குமாம், எழுத்து தானாக விரிந்து கொடுக்குமாம். என் பக்கங்கள் வெறும் போட்டோ, அவற்றுக்கு அந்த இரக்கம் கிடையாது என்று ஜெயப்ரியா விளக்கினாள். பிறகு, "இருங்க, எழுத்தா மாத்தித் தரேன்" என்று ஏதோ செய்து கொடுத்தாள்.

எழுத்தாக மாறியது. ஆனால் அந்தக் கருவிக்குப் பத்தி என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தரவில்லை. இடமிருந்து வலமாக மூன்று செய்தியையும் சேர்த்து வரிவரியாகப் படித்துக்கொண்டு போயிருக்கிறது. உன் அப்பா செய்திக்குப் பக்கத்தில் போளூர் மாட்டுச் சந்தை, அதற்குப் பக்கத்தில் வெம்பாக்கம் பள்ளி ஆண்டு விழா. ஆகவே எனக்குக் கிடைத்த செய்தி இது: ஆரணி பட்டுக்கடையில் அதிகாரிகள் நடத்திய திடீர்ச் சோதனையில் இறைவணக்கம் பாடப்பட்டது. வெம்பாக்கம் தலைமை ஆசிரியர் நாலு பல் போட்டவர் என்பதால் போளூர்ச் சந்தையில் நல்ல விலைக்குப் போனார். உரசிப் பார்த்ததில் அவருக்கு முதல் பரிசு வழங்கப்பட்டது. ஒன்பது புடவைகளும் தண்ணீர் காட்டப்பட்டு, கொம்பில் மாலையுடன், நாட்டுப்பண் பாடிக் கலைந்தன. முப்பத்தொரு வருஷத்தில் என் செய்தி ஒன்றுக்கு உன் அக்கா இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் கவனம் வேறு இடத்தில் இருந்தது. அந்தக் குழப்பத்தில் 'கூறுகையில்' என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது. யார் கூறியது என்றுதான் தெரியவில்லை. மாட்டுத் தரகரா, தலைமை ஆசிரியரா, உன் அப்பாவா? மூன்றில் ஒன்றாவது உன் அப்பாவுடையதாக இருக்கவேண்டும். அன்று எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

வெள்ளிக்கிழமை ஜெயவேல் கடைக்குப் போனேன், பெரிய ரீடரைப் பார்க்க. அவன் கடையில் எதையும் டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்வதில்லை என்று உனக்குத் தெரியும். புடவையானால் வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, கையில் தூக்கிப் பார்த்துத்தான் பேச்சு. முதலில் வீடியோ காலில் புடவை காட்ட வைத்திருக்கிற டேப்லெட்டை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் நீட்டினான். "இதுல என் மூஞ்சி தெரியுது, உன் நியூஸ் தெரியல. வெயில்ல நிக்காத சரக்கு" என்று திருப்பி உள்ளே போட்டான். பிறகு ஜெயப்ரியாவின் பத்து அங்குல ரீடரை நீட்டினான். அன்பரசு, வெயில் பட்டதும் எழுத்து இன்னும் கறுப்பாக எழுந்து நின்றது. சைக்கிளில் பேப்பர் போடுகிறவரிடம் வாசலில் நின்று கைநீட்டி வாங்கிப் படிப்போமே, அப்படி இருந்தது. 1991 பக்கம் ஒன்று திறந்திருந்தது. முழுப் பக்கமும் மடிப்பு இல்லாமல் தெரிந்தது. பெரிதாக்க வேண்டிய தேவையே இல்லை. ஜெயவேல் அதை எடை போடச் சொன்னான். தராசில் நானூறு கிராமுக்குச் சற்று மேல் காட்டியது. "லேசுப் புடவ எடைதான் இருக்குது, மடியில வெச்சா தெரியாது" என்றான். கறுப்பு வெள்ளை என்பதில் மட்டும் அவனுக்கு மனசு ஆறவில்லை. "ஆரணிக்காரன் கலர் இல்லாதத வாங்கினா ஊர்ல இன்னா சொல்லுவாங்க?" கலர்த் திரையும் வருகிறது, ஆனால் பின்னணி கொஞ்சம் மங்கி அழுக்கு வேட்டி மாதிரி இருக்கும் என்று ஜெயப்ரியா சொன்னாள். என் பக்கங்களில் கலர் இருந்ததில்லை. செய்தியிலும் நான் சேர்த்ததில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் மார்ச் பதிமூன்றைத் தேடி எடுக்கும் நேரத்தில் ஜெயவேல், "இரு இரு, சாயம் போவுதான்னு பாத்துடலாம்" என்றான். வெள்ளைக் கைக்குட்டையின் முனையைத் தண்ணீரில் நனைத்து, புதுப் புடவையின் ஓரத்தைத் தேய்ப்பதுபோல அந்தத் திரையை அழுத்தித் தேய்த்தான். சாயம் போகவில்லை. வருஷம் போனது. 1996 ஓடி 2003 ஆகி, 2009 ஆகி, ஜில்லா ஆட்சியர்கள் ஏழு பேர் கண்ணெதிரே மாறினார்கள். "நிறுத்துயா" என்றேன். நிறுத்துவதற்காக இன்னும் அழுத்தித் தேய்த்தான். கடைசியில் திரை வெளுத்து, ஜப்பான் எழுத்தில் ஏதோ ஒரு கேள்வி கேட்டது. ஜெயவேல் அதற்கு ஆமாம் என்று விரல் வைத்துவிட்டான். என்ன கேட்டது, எதற்கு ஆமாம் சொன்னான் என்று இந்த நிமிஷம் வரை யாருக்கும் தெரியாது. ஜெயப்ரியா வந்து பார்த்தாள். "அப்பா, இது பொடவ இல்லப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனாள். ஜெயவேல் கைக்குட்டையை விரித்து என்னிடம் காட்டினான். "ஆனா பாரு, ஒரு பொட்டு ஒட்டல. சரக்கு நல்ல சரக்குதான் நிருபரே."

ஆகவே என் முடிவு: பத்து அங்குலம், கறுப்பு வெள்ளை. உள்ளே மஞ்சள் வெளிச்சம் கூட்டிக் குறைக்கும்படி இருந்தால் நல்லது, மழை நாளில் உதவும். பக்கம் புரட்டப் பக்கவாட்டில் பொத்தான் இருந்தால் இன்னும் நல்லது. விரல் பட்டால் நடப்பதை ஒரு முறை பார்த்தது போதும். நீ கிருத்திகைக்கு வந்ததும், இலை போடுவதற்கு முன்பு, இரண்டு பேரும் வாசலில் நின்று மார்ச் பதிமூன்றை எடுத்துப் படித்துவிடுவோம். உன் அப்பா சொன்னது அதில் இருக்கும். எழுதியவன் நான், எனக்குத் தெரியும்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். மூத்தவளுக்குப் பரீட்சை நல்லபடி முடிந்திருக்கும் என்று எண்ணுகிறேன். முருகன் அருளால் எல்லாருக்கும் ஆயுளும், அதற்கு மேலாக நல்ல பார்வையும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
தனக்கோடி.

பின்குறிப்பு: இன்று செவ்வாய்க்கிழமை. கடிதம் இன்னும் தபாலுக்குப் போகவில்லை. நல்லதாகப் போயிற்று.

நேற்று ஜெயப்ரியா பெரிய ரீடரைச் சரிசெய்து கொண்டுவந்தாள். உன் அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பக்கத்தை எடுத்துக் கையில் கொடுத்ததும் வாசலுக்குப் போய்ப் படித்தேன். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. செய்தி ஏழு வரி. கடை பெயர் இருக்கிறது, உன் அப்பா பெயர் இருக்கிறது, ஒன்பது புடவைகள் இருக்கின்றன. அவர் சொன்னது இல்லை. 'கூறுகையில்' இரண்டு தலைமை ஆசிரியருடையது, ஒன்று மாட்டுத் தரகருடையது. பக்கத்தின் மேல்மூலையில் கடைசி அச்சுக்கான குறி இருக்கிறது. இரண்டாவது அச்சில் வந்தது என்று நான் உன்னிடம் சொல்லிவந்தது தவறு. நீ சொன்னதே சரி. தவறுக்கு வருந்துகிறேன்.

உன் அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஜெயவேல் தெருவில் அவளைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். இன்று காலை காபி முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அந்த ஒரு பக்கத்துக்குத்தானே இம்மாம் பேஜாரு? கேளுங்க" என்று மார்ச் பதிமூன்றைப் படித்தாள். ஏழு வரியும் படித்தாள். நிறுத்தவில்லை. அதே குரலில் மேலே போனாள்: "இதுகுறித்துக் கடை உரிமையாளர் மாணிக்கவேல் கூறுகையில், 'ஜரிகையை உரசிப் பார்க்காமல் வாங்கியது என் பிழை. இந்தப் புடவைகளை வாங்கியவர் யாராக இருந்தாலும், எத்தனை வருஷம் கழித்து வந்தாலும், மாற்றித் தருவேன்' என்றார்."

"மறுபடி ஒரு தரம் படி" என்றேன். படித்தாள். ஒரு எழுத்து மாறவில்லை. இரண்டாவது முறை படிக்கும்போது போன் திரை அணைந்திருந்தது. அவள் கவனிக்கவில்லை.

அதுதான் நான் எழுதியது. உன் அப்பா கல்லாப் பக்கத்தில் நின்றபடி சொன்ன வார்த்தைகள் அவை. கேட்டதும் எனக்கு நினைவு வந்துவிட்டது. உறைக்குள் போடுவதற்கு முன் என்னைத் தவிர அதைப் படித்தவள் அவள் ஒருத்திதான். ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் கசியவில்லை என்பதும் இப்போது தெரிகிறது.

"வந்திருக்குது பாருங்க" என்றாள். "ஆமா" என்றேன்.

ஆகவே ரீடர் வேண்டாம், பத்தும் வேண்டாம், ஆறும் வேண்டாம். மிச்சமுள்ள பக்கங்களையும் அவளே படிக்கட்டும். அதற்குப் பதில் அவளுக்கு ஒரு கண்ணாடி வாங்கி வா. இப்போது போடுவதில் ஒரு காலை நூலால் கட்டியிருக்கிறாள். பவர் கேட்டால் சொல்ல மாட்டாள், பழைய சீட்டைப் பார்த்து எழுதுகிறேன்: இரண்டு கண்ணுக்கும் பிளஸ் இரண்டரை.

நீ வந்ததும் மார்ச் பதிமூன்றைப் படிக்கச் சொல்லி உட்கார். கடைசி வரை கேள். போனை எட்டிப் பார்க்காதே.